இடிந்த சுவருக்குள் புது அறை: செக் கட்டடக்கலை பற்றிப் பேசலாம்

மண்சுவர் எழுதியது:

செக் குடியரசின் இன்றைய கட்டடக்கலை பற்றித் தமிழில் ஓர் இழை வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பிராக் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆற்றங்கரையில் வளைந்து நிற்கும் ‘ஆடும் வீடு’. விளாடோ மிலுனிச்சும் ஃப்ராங்க் கெரியும் சேர்ந்து 1996இல் முடித்தது. நல்ல கட்டடம்தான். ஆனால் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அங்கே என்னை அதிகம் ஈர்த்த வேலைகள் காலி மனையில் எழுந்தவை இல்லை. கூரையில்லாத கோட்டை, மூடிப்போன மாவு ஆலை, புகை படிந்த இறைச்சிக்கூடம், அணைந்த இரும்பு உலை என்று ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த ஒன்றுக்குள் நடந்தவை.

ஓர் இடத்தை மட்டும் விரிவாகச் சொல்லித் தொடங்குகிறேன். செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் லிப்னிக் என்ற சிற்றூருக்கு அருகே குன்றின்மேல் ஹெல்ஃப்ஷ்டீன் கோட்டை இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டுக் கோட்டை. பின்னர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளே ஒரு மறுமலர்ச்சிக்கால அரண்மனை எழுந்தது. காலப்போக்கில் கைவிடப்பட்டுக் கூரையும் தளங்களும் போய், வெற்றுச் சுவர்கள் மட்டும் மிஞ்சின. அதைக் காப்பாற்றும் பணியை ஒலோமோட்ஸ் நகரத்து அடெலியர்-ஆர் கட்டடக்கலை நிறுவனம், மிரோஸ்லாவ் போஸ்பீஷில் தலைமையில் செய்தது. 2020இல் அரண்மனை மீண்டும் திறந்தது.

அவர்கள் அரண்மனையைத் திரும்பக் கட்டவில்லை. கண்ணாடி, துருநிறக் கார்டென் எஃகு, கான்கிரீட் என்று மூன்றே பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். சில அறைகளுக்கு மேல் கண்ணாடிக் கூரை. இடிந்த சுவர்களுக்கு நடுவே பழுப்பேறிய எஃகுப் படிக்கட்டுகளும் பாலங்களும் போகின்றன. அவற்றில் ஏறி நடக்கும்போது, முன்பு தரையிலிருந்து அண்ணாந்து மட்டுமே பார்க்க முடிந்த சன்னல் வளைவு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. அந்தக் கோட்டையில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் பல நாட்டுக் கொல்லர்கள் கூடும் ‘ஹெஃபைஸ்டான்’ விழா நடக்கிறது. இரும்பு அங்கே வேற்றுப்பொருளாகத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடத்துக்குள் வரும் புதுப்பகுதி தன் வயதை மறைக்கக்கூடாது. எது 16ஆம் நூற்றாண்டு, எது 2020 என்று பலகை படிக்காமலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். உங்கள் கருத்து?


பழையசாவி எழுதியது:

மண்சுவர் ஐயா, படங்களைப் பார்த்தேன். எனக்கு ஒப்பவில்லை. அத்தனை நூற்றாண்டுக் கல்லுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த தகடு நிற்பது கண்ணை உறுத்துகிறது. கோட்டை என்றால் கோட்டையாக இருக்க வேண்டும். மரத்தில் கூரைச்சட்டம் போட்டு, ஓடு வேய்ந்து, தளத்தைத் திரும்ப எழுப்பியிருக்கலாமே?

அதே நாட்டில் கார்ல்ஷ்டெய்ன் கோட்டை இருக்கிறது. மன்னர் நான்காம் கார்ல் 1348இல் தொடங்கியது. முழுதாக நிற்கிறது. அங்கே போகும் குழந்தைக்கு, அந்தக் காலத்தில் கோட்டை எப்படி இருந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இடிபாட்டை இடிபாடாகவே வைத்து அதற்குள் எஃகுப் பாலம் போடுவது கட்டடக்காரரின் ஆசையைத்தான் காட்டுகிறது. மக்களுக்கு வேண்டியது அது இல்லை.


மண்சுவர் எழுதியது:

பழையசாவி ஐயா, கார்ல்ஷ்டெய்னை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. இந்த விவாதம் செக் நாட்டில் தொடங்கியதே அதைப் போன்ற வேலைகளால்தான். இன்று நாம் பார்க்கும் கார்ல்ஷ்டெய்னின் தோற்றம், குறிப்பாக அந்தச் செங்குத்தான கூரைகள், பெரும்பாலும் யோசெஃப் மோக்கர் என்ற கட்டடக் கலைஞர் 1887 முதல் 1899 வரை செய்த வேலை. பிராக் தூய விட் பேராலயத்தைக் கட்டி முடிக்கும் பணியிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கோதிக் காலக் (இடைக்காலக்) கோட்டை எப்படி இருந்திருக்க வேண்டும் என்று அவர் மனத்தில் ஒரு வடிவம் இருந்தது. அதற்கு ஒத்துவராத பிற்காலச் சேர்க்கைகளை நீக்கினார். ஆக அந்தக் குழந்தை பார்ப்பது நான்காம் கார்லின் கோட்டை மட்டும் இல்லை. 19ஆம் நூற்றாண்டு மனிதர் ஒருவர் கண்ட கனவும் அதில் கலந்திருக்கிறது. அழகான கனவு, மறுக்கவில்லை. ஆனால் எங்கே அசல் முடிகிறது, எங்கே அவர் தொடங்குகிறார் என்று சாதாரணமாகப் பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை.

1964இல் வெனிஸில் வகுத்த சாசனம் இதற்கு ஒரு வரம்பு கட்டியது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்றது. ஹெல்ஃப்ஷ்டீன் அரண்மனையின் உள்ளறைகள் எப்படி இருந்தன என்பதற்குப் போதிய சான்று இல்லாதபோது ஓடும் மரமும் வைத்து ‘இப்படித்தான் இருந்தது’ என்று காட்டுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.


கட்டுமானி எழுதியது:

நான் கட்டமைப்புப் பொறியாளன். அழகு பற்றிய சண்டையை நீங்கள் இருவரும் போடுங்கள். சுவரின் பக்கமிருந்து நான் சில விஷயங்கள் சொல்கிறேன்.

கோட்டைச் சுவர் முழுக்கக் கருங்கல் அடுக்கு என்று நினைக்க வேண்டாம். இரண்டு முகத்திலும் ஒழுங்கான கல், நடுவில் கல்துண்டும் சுண்ணாம்புக் காரையும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். கூரை இருக்கும்வரை சுவரின் தலை நனையாது. கூரை போனதும் மழைநீர் நேராக அந்த நடுப்பகுதிக்குள் இறங்கும். சுண்ணாம்பு கரைந்து வெளியேறும். அதைவிடக் கொடுமை குளிர்காலம். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். பகலில் உருகி இரவில் உறைவது ஒரு குளிர்காலத்தில் எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வெளிமுகக் கல் மெல்ல வயிறு தள்ளிக்கொண்டு வரும், ஒருநாள் சரியும். அதனால் இடிபாட்டை ‘அப்படியே விட்டுவிடுவது’ என்ற வழி நடைமுறையில் கிடையாது. விட்டால் அது போய்விடும்.

ஹெல்ஃப்ஷ்டீனில் எனக்குப் பிடித்தது கூரையை வைத்த விதம். புதுக்கூரை சுவர்களுக்கு இடையில் அடங்குகிறது. உச்சிமேல் ஏறி உட்காரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இடிபாட்டின் வடிவம் மாறாமல் தெரிகிறது.

கார்டென் எஃகு பற்றி ‘துருப்பிடித்த தகடு’ என்று பழையசாவி சார் சொன்னார். அந்தத் துருதான் அதற்குக் கவசம். செம்பும் குரோமியமும் சிறிதளவு சேர்ந்த எஃகு அது. மேலே படியும் துரு அடர்ந்த தோலாக இறுகி, உள்ளே அரிப்பு இறங்குவதை வெகுவாகக் குறைத்துவிடும். வர்ணம் தேவையில்லை. ஆனால் நனைந்து காய்ந்துகொண்டே இருந்தால்தான் அந்தத் தோல் உருவாகும். தண்ணீர் தேங்கும் மூலையிலோ உப்புக் காற்றிலோ அது பிடிக்காது. முதல் சில வருடங்களில் வழியும் பழுப்பு நீர் பழைய கல்லில் கறையாக இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு, நீர் எங்கே சொட்ட வேண்டும் என்று விளிம்பு விளிம்பாக யோசித்து வரைய வேண்டும். இந்த வேலையின் தரம் அந்த மாதிரி இணைப்புகளில்தான் இருக்கிறது. படத்தில் தெரியாது.

இன்னொன்று. முடுக்கிப் பூட்டிய எஃகைப் பின்னால் வருபவர் கழற்றிவிடலாம். சுவரோடு சேர்த்து வார்த்த கான்கிரீட்டை அப்படிக் கழற்ற முடியாது.


பிர்னோவாசி எழுதியது:

வணக்கம். நான் இங்க செக் நாட்டு பிர்னோ நகரத்துல வேலை பாக்குறேன், கட்டடத் துறை இல்ல. ஆனா வார இறுதியில ரயில் ஏறிப் போய்க் கட்டடம் பாக்குறது பழக்கமாயிடுச்சு. ஆஸ்ட்ராவா பத்தி யாரும் சொல்லலையே, அதனால எழுதுறேன்.

ஆஸ்ட்ராவா நிலக்கரியும் இரும்பும் வளத்த ஊர். விட்கோவிட்சே இரும்பாலை 1828ல தொடங்கி 1998ல உலை அணையுற வரைக்கும் ஓடிச்சு. ஊருக்கு நடுவுல அவ்வளவு பெரிய இரும்புக் காடு நின்னா என்ன பண்ணுவீங்க? உடைச்சுப் பழைய இரும்புக் கடைக்குப் போடத்தான் தோணும். இவங்க உடைக்கல. 1924ல கட்டுன எரிவாயுக் கலம் ஒண்ணு இருந்துச்சு. வாயு நிறைய நிறைய மேல எழும்புற மாதிரி பெரிய இரும்பு மூடி. கட்டடக் கலைஞர் யோசெஃப் ப்ளெஸ்கோட் அந்த மூடியை மேல தூக்கி நிறுத்தி, அதுக்குள்ள ஏறத்தாழ 1,500 பேர் உட்கார்ற அரங்கத்தைச் செருகிட்டார். பேரு ‘கோங்’. 2012ல திறந்தது. உள்ள உட்கார்ந்து மேல பாத்தா ஆணி ஆணியா அடிச்ச பழைய இரும்புக் கூரை. கச்சேரி கேக்க வந்தவங்க எல்லாரும் ஒரு தடவையாவது மேல பாக்குறாங்க.

அதே ஊர்ல பழைய இறைச்சிக்கூடம் ஒண்ணு, 19ஆம் நூற்றாண்டு கட்டடம், பாழாக் கிடந்துச்சு. போலந்துக் கட்டடக் கலைஞர் ரோபர்ட் கொனியெச்னி அதை ‘ப்ளாட்டோ’ங்கிற கலைக்கூடமா மாத்துனார், 2022ல திறந்தாங்க. செங்கல்ல படிஞ்ச கரியை அவங்க தேய்ச்சு வெள்ளையாக்கல, அப்படியே விட்டுட்டாங்க. சுவர்ல விழுந்திருந்த பெரிய ஓட்டைகளைச் செங்கல் வெச்சு மூடாம, அதே செங்கல் வரிசை, அதே அலங்காரத்தோட நுண்கான்கிரீட்டுல வார்த்து மூடியிருக்காங்க. பக்கத்துல போய்த் தொட்டா எது பழசு எது புதுசுன்னு தெரியுது, தெருவுல நின்னு பாத்தா கட்டடம் ஒண்ணாத் தெரியுது. அந்த மூடுன துண்டுகள் சிலது அச்சுல சுழலும். சுவரே திரும்பித் திறந்துக்கும், உள்ள இருக்கிற கண்காட்சி வெளியில வந்துடும். உள்ள வராதவங்களுக்கும் எட்டணும்னு செஞ்சது.

பழையசாவி ஐயா, இதைப் பாத்தா உங்களுக்குப் பிடிக்கும்னு நினைக்கிறேன். துரு தகடு கிடையாது.


பழையசாவி எழுதியது:

தம்பி பிர்னோவாசி, ப்ளாட்டோ படங்களைப் பார்த்தேன். ஆம், இது எனக்குப் பிடித்திருக்கிறது. புதுசு பழசின் ஒழுங்குக்கு மரியாதை கொடுத்திருக்கிறது. நான் கேட்பதும் அதைத்தான்.

ஆனால் நீங்கள் இருக்கும் ஊரிலேயே என் பக்கத்துக்குப் பெரிய சாட்சி இருக்கிறது. டூகென்தாட் மாளிகை. 2010 முதல் 2012 வரை நடந்த சீரமைப்பில் 1930இல் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்கள். எஃகுப் பாலம் ஏதும் செருகவில்லை. உலகமே பாராட்டியது. அசலுக்குத் திரும்புவது தவறென்றால் அதுவும் தவறுதானே?


தூரிகை எழுதியது:

நான் உள்வடிவமைப்புத் துறையில் இருக்கிறேன். இந்த இழையைப் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். டூகென்தாட் பெயர் வந்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

ஜெர்மன் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1929–30இல் கட்டிய அந்த வீட்டின் பெரிய வசிப்பறையை இன்றும் மாணவர்களுக்குக் காட்டிப் பாடம் நடத்துகிறோம். குரோமியம் பூசிய சிலுவை வடிவத் தூண்கள், தேன் நிறத்து ஓனிக்ஸ் கல்லால் ஒரு தடுப்புச் சுவர், மின்விசையில் தரைக்குள் இறங்கிவிடும் பெரிய கண்ணாடிச் சன்னல்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி அரைவட்டமாக மக்காஸர் கருங்காலிப் பலகை. யூதக் குடும்பம் அது. 1938இல் நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. வீடு நாஜிகளின் கைக்குப் போனது. போருக்குப் பின் நடனப் பள்ளி, அப்புறம் குழந்தைகளுக்கான உடற்பயிற்சிச் சிகிச்சைக் கூடம். 1992 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாகியாவைப் பிரிப்பது பற்றி இரு தலைவர்களும் பேசியதும் அந்த வீட்டில்தான்.

அந்தக் கருங்காலிப் பலகைகள் போரின்போதே காணாமல் போயின. போய்விட்டன என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2011இல் பிர்னோ சட்டக் கல்லூரிக் கட்டடத்தின் உணவுக்கூடத்தில், சுவரில் பதித்த நிலையில் கண்டுபிடித்தார்கள். போர்க்காலத்தில் அந்தக் கட்டடம் நாஜிகளின் ரகசியக் காவல்படையான கெஸ்டபோவின் தலைமையகம். மாணவர்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பல்லாண்டுகள் சாப்பிட்டிருக்கிறார்கள். எடுத்துவந்து பழைய இடத்தில் பொருத்தினார்கள். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பழையசாவி சார், அங்கே அசலுக்குத் திரும்ப முடிந்ததற்குக் காரணம் அசல் கையில் இருந்தது. நிழற்படங்கள், வரைபடங்கள், பூச்சின் அடுக்குகள், கடைசியில் அந்தப் பலகைகூட. வெளிச்சுவர் வெறும் வெள்ளை என்று வெகுநாள் நம்பினார்கள். பூச்சை ஆராய்ந்தபோது உள்ளூர் மணல் கலந்த சுண்ணாம்பின் இளமஞ்சள் சாயல் தெரிந்தது. அந்த நிறத்தையே திரும்பக் கொடுத்தார்கள். மண்சுவர் சொன்ன ‘ஊகம் தொடங்கும் இடம்’ அங்கே மிகத் தூரத்தில் இருந்தது. ஹெல்ஃப்ஷ்டீனில் அது முதல் படியிலேயே வந்துவிடுகிறது. இரண்டு இடத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

நான் பேச வந்தது வேறொன்று. நீங்கள் எல்லோரும் சுவரையும் கூரையையும் பேசுகிறீர்கள். கட்டடத்தில் முதலில் சாவது உள்ளறைதான். அதைப் பற்றி அழுவோர் குறைவு.

கார்லோவி வாரி நகரத்தில் தெர்மல் ஹோட்டல் இருக்கிறது. திரைப்பட விழா நடக்கும் இடம். வேரா மாஹோனினோவாவும் அவர் கணவர் விளாடிமிர் மாஹோனினும் 1960களின் இறுதியில் தொடங்கி 1970களில் முடித்தது. கட்டடத்தோடு நாற்காலி, விளக்கு, கைப்பிடி வரைக்கும் சேர்த்து யோசித்த வேலை. சமீபத்திய புதுப்பிப்பில் அந்த உள்ளலங்காரத்துக்கு நேர்ந்ததை எதிர்த்து மாஹோனின்களின் மகள் மரியே கோர்டோவ்ஸ்கா ‘ரெஸ்பெக்ட் மேடம்’ என்ற இயக்கம் நடத்தினார். கான்கிரீட் நிற்கிறது, ஆகவே கட்டடம் காப்பாற்றப்பட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். பிராகிலிருந்த ஹோட்டல் பிராகாவுக்கு அந்த ஆறுதலும் இல்லை. 2014இல் முழுவதும் இடித்தார்கள். அதன் கண்ணாடி விளக்குகளும் தளபாடங்களும் ஆளுக்கொன்றாகப் பிரிந்துபோயின. அறையிலிருந்து பிரித்த விளக்கு வெறும் விளக்குதான்.

டூகென்தாட்டுக்குப் பலகை திரும்பி வர எழுபது ஆண்டுகள் ஆயின. தெர்மலின் நாற்காலிகளை யார் தேடப் போகிறார்கள்?


கட்டுமானி எழுதியது:

தூரிகை அவர்களே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் 1970களின் கட்டடங்களைக் காப்பதில் இருக்கும் கஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலக் கண்ணாடி முகப்புகளில் வெப்பத்தடுப்பு மிகக் குறைவு. பல கட்டடங்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறது. அதை எடுக்கத் தனிப் பயிற்சி, தனிச் செலவு. குழாய், மின்கம்பி, தீத்தடுப்பு எல்லாம் இன்றைய விதிக்குள் வர வேண்டும். இதைச் செய்யப் போனால் உள்ளறையின் மேற்பரப்புகள் முழுவதையும் கழற்றாமல் முடியாது. கழற்றியதைத் திரும்ப வைப்பது புதிதாகச் செய்வதைவிட விலை கூடிய வேலை. உரிமையாளர் கணக்குப் பார்க்கத்தான் செய்வார்.


தூரிகை எழுதியது:

கணக்கை மறுக்கவில்லை. அந்தக் கணக்கையும் மீறிச் செய்யலாம் என்று டூகென்தாட் காட்டியது. அங்கேயும் குழாய், கம்பி, வெப்பக்காற்று எந்திரம் எல்லாவற்றையும் பிரித்துத்தான் திரும்ப வைத்தார்கள். வேறுபாடு மதிப்பில்தான். 1930 என்றால் கலை. 1975 என்றால் பழைய ஆட்சியின் எச்சம். கம்யூனிஸ்டு ஆட்சியில் வாழ்ந்து அவதிப்பட்டவர்களுக்கு அந்தக் கட்டடங்களைப் பார்க்கவே கசப்பாக இருக்கலாம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் வேரா மாஹோனினோவாவை அந்த ஆட்சி ஒன்றும் தோளில் தூக்கிக் கொண்டாடவில்லை. சோவியத் படையெடுப்பு நடந்த 1968க்குப் பின் அவருக்கும் கணவருக்கும் வேலை கிடைப்பதே கடினமாகியது. ஆட்சி வேறு, அந்தக் காலத்தில் கட்டியவரின் திறமை வேறு.

பிராகின் கோட்வா அங்காடியும் இவர்கள் கட்டியதுதான். 1975இல் திறந்தது, அறுகோணங்களை அடுக்கிய தளவடிவம். 2019இல் அதற்குப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்ற தகுதி கிடைத்தது. அதே 2019இல்தான் பிராகின் டிரான்ஸ்காஸ் என்ற அலுவலகக் கட்டடத்தை இடித்தார்கள். ஒரே நகரம், ஒரே பத்தாண்டில் கட்டியவை.


மண்சுவர் எழுதியது:

தூரிகை அக்கா எழுதியதைப் படித்தபின் ஸ்லின் நகரத்து நினைவிடத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘எந்த ஆண்டின் அசலுக்குத் திரும்புவது?’ என்ற கேள்வி அங்கே மிகக் கூர்மையாக எழுந்தது.

ஸ்லின் பாட்டா காலணி நிறுவனத்தின் ஊர். தோமாஷ் பாட்டா 1932 ஜூலை 12இல் தன் யுங்கர்ஸ் எஃப்-13 விமானம் விழுந்து இறந்தார். ஓராண்டு கழித்து, 1933இல், கட்டடக் கலைஞர் ஃப்ரான்டிஷெக் காஹுரா அவருக்கு ஒரு நினைவிடம் கட்டினார். ஸ்லினின் தொழிற்சாலை, பள்ளி, விடுதி எல்லாம் 6.15 மீட்டர் இடைவெளியுள்ள கான்கிரீட் சட்டத்தில் எழுந்தவை. காஹுரா அதே சட்டத்தை எடுத்துக்கொண்டார், ஆனால் செங்கல் சுவரை விட்டுவிட்டார். தூண்கள், தளம், சுற்றிலும் ஒளி ஊடுருவும் கண்ணாடி. உள்ளே ஏறத்தாழ ஒன்றுமே இல்லை, ஒரு விமானம் தொங்கியதைத் தவிர. தொழிற்சாலைச் சட்டத்தையே ஆலயமாக்கிவிட்டார்.

1950களில் அந்த வெறுமை யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. கலைக்கூடமாகவும் இசைக்குழுவின் அரங்கமாகவும் மாற்றினார்கள். உள்ளே சுவர், மாடி, இருக்கை எல்லாம் வந்தன. அந்த மாற்றத்துக்கும் தன் மதிப்பு உண்டு. ஊர்மக்கள் இரண்டு தலைமுறை அங்கே இசை கேட்டு வளர்ந்தார்கள். பிறகு ஸ்லினிலேயே பிறந்த ஏவா யிரிச்னா வடிவமைத்த புது அரங்கம் 2010இல் திறந்து, இசைக்குழு அங்கே போனது. பழைய கட்டடத்தை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. டிரான்சாட் கட்டடக்கலை நிறுவனத்தின் பெட்ர் வ்ஷெடெச்கா எல்லாச் சேர்க்கைகளையும் அகற்றி 1933இன் வெறுமையைத் திரும்பக் கொண்டுவந்தார். 2019இல் திறந்தது. விமானத்தின் மாதிரி ஒன்று மீண்டும் தொங்குகிறது.

இங்கே ‘புதுசு தன் வயதைக் காட்ட வேண்டும்’ என்ற என் விதியை வைத்துப் பார்த்தால் கண்ணாடி முழுவதும் புதிது, விமானம் புதிது, எதுவும் தன் வயதைச் சொல்லவில்லை. ஆனாலும் நான் அந்த வேலையை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். காஹுரா கட்டியது ஒரு வெற்றிடம். வெற்றிடத்தில் பழசு, புதுசு என்று அடையாளம் வைக்க ஒரு மூலைகூடக் கிடையாது. ஏதாவது ஒன்றை நட்டால் அந்த அறை அப்போதே போய்விடும். எனவே விதியை அப்படியே தூக்கிக்கொண்டு எல்லா இடத்துக்கும் போவதைவிட, அந்தக் கட்டடம் எதனால் ஆனது என்று முதலில் கேட்பதுதான் முறை. ஹெல்ஃப்ஷ்டீன் உடைந்த சுவரால் ஆனது. டூகென்தாட் பொருள்களின் மேற்பரப்பால் ஆனது. பாட்டா நினைவிடம் வெளிச்சத்தால் ஆனது. எது போனால் கட்டடம் போய்விடுமோ அதைக் காத்தால், மற்றவற்றில் கைவைக்கத் துணியலாம்.


பழையசாவி எழுதியது:

அப்படியானால் 1950களின் அரங்கத்தை அகற்றியது சரி, மோக்கர் கார்ல்ஷ்டெய்னில் பிற்காலச் சேர்க்கைகளை நீக்கியது தவறு. இது எந்த ஊர் நியாயம்? இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள்.


மண்சுவர் எழுதியது:

சரியான கேள்வி ஐயா. வேறுபாடு சான்றில் இருக்கிறது. காஹுராவின் வரைபடமும் நிழற்படமும் இருந்தன, தூண்கள் இடத்திலேயே நின்றன. மோக்கருக்கு முன்னால் 14ஆம் நூற்றாண்டின் கூரை பற்றி அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் நீங்கள் சொல்வதில் ஒரு பகுதியை நான் ஏற்கத்தான் வேண்டும். 1950களின் அடுக்கும் வரலாறுதான், அது ஸ்லினில் போய்விட்டது. அந்த இழப்பைத் தெரிந்தே செய்தார்கள். எனக்கு அது தாங்கக்கூடிய விலை. உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம்.


கடலோரம் எழுதியது:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். செக் கட்டடக்கலை என்றதும் ஒருவராவது கோல்கொண்டாவைச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். அரவிந்தர் ஆசிரமத்தின் அந்த விடுதியை வடிவமைத்த அன்டோனின் ரேமண்ட் 1888இல், செக் நாட்டின் மேற்குப் பகுதியான போஹிமியாவின் கிளாட்னோவில் பிறந்தவர். இங்கேயே தங்கிக் கட்டுமானத்தைக் கவனித்தவர்களில் ஒருவர் ஃப்ரான்டிஷெக் சம்மர், அவரும் செக்காரர். இன்னொருவர் பின்னாளில் மரத்தச்சுக்குப் பெயர்பெற்ற ஜார்ஜ் நகாஷிமா. 1930களின் இறுதியில் தொடங்கிய வேலை.

கான்கிரீட் கட்டடம்தான். ஆனால் வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதில் திறந்து மூடும் கிடைப்பலகைகள், தரையிலிருந்து மேல்தளம் வரை. காற்று குறுக்காக ஓடும், வெயில் உள்ளே விழாது. சுவரில் சுண்ணாம்புப் பூச்சு, தரையில் கடப்பாக் கல். இன்றும் ஆசிரமவாசிகள் தங்குகிறார்கள். அன்றாடம் துடைத்து, ஒழுகினால் அன்றைக்கே அடைத்து, பலகை உடைந்தால் மாற்றி வருகிறார்கள். மேலே மண்சுவர் சொன்ன ஸ்லின் நினைவிடத்துக்கும் இதற்கும் சில ஆண்டுகளே இடைவெளி. இங்கே மீட்டெடுப்பு தேவைப்படாததற்கு ஒரு காரணம், யாரும் அதை ஒருநாளும் கைவிடவில்லை.


தூரிகை எழுதியது:

கடலோரம், மிக்க நன்றி. படித்த காலத்தில் வெளியிலிருந்து மட்டும் பார்த்த கட்டடம்.

உள்ளறை பற்றிப் பேசும்போது நோவி துவூர் மடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கு போஹிமியாவில் பாழடைந்து கிடந்த ஒரு பரோக் மாளிகையை டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கப் பிரிவின் துறவிகள் வாங்கினார்கள். அதை மடமாக வடிவமைத்த ஜான் பாசன் பிரிட்டன்காரர். அவர் நியூயார்க்கில் செய்திருந்த ஓர் ஆடைக்கடையைப் பார்த்துவிட்டுத்தான் துறவிகள் அவரைத் தேர்ந்தார்கள். 2004இல் மடம் எழுந்தது. பழைய மாளிகை ஒரு பக்கமாக நிற்கிறது, மற்ற மூன்று பக்கமும் புதிது. நடுமுற்றத்தைச் சுற்றிப் போகும் நடைக்கு வெளிப்பக்கம் தூணே கிடையாது. வளைவுக் கூரை சுவரிலிருந்து நீண்டு நிற்கிறது. அலங்காரம் என்று எதுவும் இல்லை, வெளிறிய பூச்சு மட்டும். பேசாமல் வாழ்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான அறை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அது வழிபடும் இடம், சுற்றுலாத் தலம் இல்லை.


கட்டுமானி எழுதியது:

பிர்னோவாசி தம்பி, அடுத்த கோடையில் அந்தப் பக்கம் வர வாய்ப்பிருக்கிறது. மூன்று நாள் கிடைத்தால் எதைப் பார்ப்பது? டூகென்தாட் கட்டாயம். கூட்டமில்லாத, பொறியாளன் ரசிக்கக்கூடிய ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.


பிர்னோவாசி எழுதியது:

வாங்க சார், தாராளமா வாங்க. டூகென்தாட்டுக்கு உடனே பதிவு பண்ணிடுங்க. சிறு குழுவாத்தான் உள்ள விடுறாங்க, மாசக்கணக்குல முன்னாடியே நிரம்பிடும்.

உங்களுக்கு நிச்சயமாப் பிடிக்கிறது இங்க பிர்னோலயே மஞ்சக் குன்றுல இருக்கிற பழைய குடிநீர்த் தொட்டிகள். மூணும் மண்ணுக்கு அடியில. பழசு ரெண்டும் செங்கல் வளைவு, மூணாவது கான்கிரீட். 19ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்சு 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல முடிஞ்ச வேலை. தண்ணி நிக்கப்போற, மனுஷன் பாக்கவே போகாத இடத்துக்கு அவ்வளவு ஒழுங்கா வளைவு கட்டியிருக்காங்க. இப்ப நடந்து பாக்க வழி பண்ணி, கொஞ்சம் வெளிச்சம் மட்டும் குடுத்திருக்காங்க, வேற எதுவும் சேக்கல.

ரெண்டாம் நாள் ஸ்லின். அதுக்குப் பஸ்ஸு ஸ்வோனார்ஷ்கா நிலையத்துல ஏறணும், அங்கயும் கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க. 1980கள்ல கட்டுன முரட்டுக் கான்கிரீட், இரும்புக் கூரை. இருட்டா, அழுக்கா, யாரும் நிக்கப் பிடிக்காத இடமா இருந்துச்சாம். ஹிபிக், கிறிஸ்டோஃப்னு ரெண்டு இளம் கட்டடக் கலைஞர்கள், யாரும் கூப்பிடாமலே 2011ல தாங்களா வரைபடம் போட்டு, உரிமையாளர்கிட்டப் பேசி, பணத்துக்கு வழி தேடி, பத்து வருஷம் விடாம நின்னு 2021ல முடிச்சாங்க. இடிச்சுட்டுப் புதுசாக் கட்டுறது அவங்களுக்கு லாபமா இருந்திருக்கும். முன்பக்கம் அடைச்சிருந்த தற்காலிகக் கடைகளை எடுத்துட்டு, இரும்பு முழுக்க வெள்ளை அடிச்சு, விளக்கும் வழிகாட்டிப் பலகையும் ஒழுங்கு பண்ணியிருக்காங்க, அவ்வளவுதான். கூரை எப்படித் தொங்குதுன்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும்.

மூணாம் நாளைக்கு ஹெல்ஃப்ஷ்டீன். லிப்னிக் ரயில் நிலையத்துல இறங்கி மேல நடக்கணும், ஏத்தம்தான். பழையசாவி ஐயாவையும் கூட்டிட்டு வாங்க.